துணி சுற்றினால் இரத்தம் நிற்காது

புல்மோட்டையிலிருந்து திருகோணமலை நகருக்குச் சுமார் 55 கிலோமீற்றர். அந்தப் பக்கத்துச் சிறிய வைத்தியசாலையொன்றில் நான் கடமையாற்றிய காலத்தில், மோட்டார் சைக்கிள் விபத்தில் தொடை கிழிந்த இளைஞர் ஒருவரை முச்சக்கர வண்டியில் நிமிர்த்தி இருத்திக் கொண்டுவந்தார்கள். காயத்தைச் சுற்றி இரண்டு சாரங்களும் ஒரு துவாயும் இருந்தன. மேல்துணி காய்ந்திருந்ததால் இரத்தம் நின்றுவிட்டதென்றே கூடவந்தவர்கள் நம்பியிருந்தார்கள். அவிழ்த்தபோது உள்துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. காயத்தின் வாயில் கோப்பித்தூள் சேறாக அப்பிக் கிடந்தது.

துணி இரத்தத்தை உறிஞ்சும், நிறுத்துவது அழுத்தம்தான். ஆளைப் படுக்கவைத்து, இரத்தம் வரும் புள்ளியைக் கண்டு, மடித்த துணியொன்றை அதன்மேல் வைத்து, முழங்கையை மடக்காமல் உடற்பாரம் முழுவதையும் கொடுத்து, குறைந்தது 10 நிமிடமாவது கையை எடுக்காமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் தூக்கிப் பார்த்தால், உறையத் தொடங்கிய இரத்தம் கலைந்துவிடும். அருகில் நிற்கும் இன்னொருவர் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கட்டும்.

கையிலோ காலிலோ அதற்கும் அடங்காமல் பீறிட்டால், காயத்துக்கு 2 அங்குலம் மேலே, மூட்டைத் தவிர்த்து, அகலமான துணிப்பட்டியைக் கட்டி, தடியொன்றைச் செருகி, இரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். நோயாளி வலியால் கத்துவார். அதற்காகத் தளர்த்தக்கூடாது, ஏனெனில் அரைகுறையாக இறுக்கிய கட்டு இரத்தப்போக்கைக் கூட்டவே செய்யும். மீனவக் கிராமங்களில் முதலில் கைக்கு அகப்படும் நைலோன் கயிறு தோலையும் நரம்பையும் அறுக்கும், அது வேண்டாம்.

காயம்பட்டவரைக் குளிரவிடாதீர்கள் என்றால், நம் ஊர் வெயிலில் குளிர் எங்கே என்று கேட்பார்கள். இரத்தம் இழந்த உடல், அதுவும் கடல்நீரிலோ மாரி மழையிலோ நனைந்த உடல், விரைவில் குளிர்ந்துவிடும். குளிர்ந்த உடலில் இரத்தம் சரியாக உறையாது. ஈர உடுப்பைக் களைந்து போர்த்திவிடுங்கள்.

இரத்த வங்கியோ சத்திரசிகிச்சை நிபுணரோ இல்லாத இடத்தில் சேலைனை லீற்றர் கணக்கில் ஏற்றினால், மிஞ்சியிருக்கும் இரத்தமும் நீர்த்துப்போகும். அங்கே எங்களுக்குக் கைகொடுப்பது, உறைந்த இரத்தம் கரைந்துவிடாமல் தடுக்கும் டிரானெக்சாமிக் அசிட் என்ற மருந்து. 2010இல் வெளிவந்த கிராஷ்-2 ஆய்வு, 40 நாடுகளில் 20,000க்கு மேற்பட்ட காயமுற்றோரிடையே, இம்மருந்து இறப்பைக் குறைப்பதைக் காட்டியது. மலிவான மருந்துதான், ஆனால் காயம்பட்டு 3 மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும், பிந்தினால் தீங்கும் விளையலாம்.

ஆகவே, எத்தனை மணிக்கு நடந்தது என்பதையே முதலில் கேட்கிறேன். “இப்பதான் டொக்டர்” என்றார்கள் அன்றும். இளைஞரின் கைக்கடிகாரம் கண்ணாடி உடைந்து 4.10இல் நின்றிருந்தது, எங்கள் சுவர்க்கடிகாரத்தில் 6.25.