குறிகல்: வீதியோர வரலாற்றுக் கல்லுக்கு ஒரு பெயர்

இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் வெள்ளைக்காரர் நாட்டிய கல் ஒன்று பெயர் பெற்றது. அதில் வெட்டியிருந்தது ஆங்கிலத்தில் ஒரே ஒரு வசனம். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: இவ்விடத்தருகே கப்டன் வொன் ட்ரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 31 ஒக்டோபர் 1803. ட்ரிபேர்க் ஆங்கிலேயப் படை அதிகாரி, பண்டாரவன்னியன் அவர்களை எதிர்த்த வன்னி மன்னன்.

ஒன்று நடந்த இடத்திலேயே, வழியால் போகிறவர் நின்று வாசிக்கட்டும் என்று நிறுத்தும் இப்படியான கல்லையோ பலகையையோ ஆங்கிலத்தில் 'ஹிஸ்டோரிக்கல் மார்க்கர்' என்பார்கள். 'மார்க்' என்ற சொல்லின் பழைய பொருள் எல்லை. பிறகு எல்லையைக் காட்டும் அடையாளத்துக்கும், கடைசியில் எந்த அடையாளத்துக்கும் அது பெயராயிற்று. நாம் காணிக்கு நடும் எல்லைக்கல்தான் அதன் வேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

தமிழில் என்ன சொல்வது? வன்னியில் வீதியோரக் கல் என்றதும் வாயில் வருவது 'கட்டை'. மைல் தூரம் காட்ட நாட்டியதன் பெயர் தூரத்துக்கே ஆகி, "இன்னும் மூன்று கட்டை போகவேணும்" என்கிறோம். கிளிநொச்சியில் 155ஆம் கட்டை ஓர் இடத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. ஆனால் கட்டை தூரத்தை மட்டும்தான் சொல்லும், கதை சொல்லாது.

'கல்வெட்டு' சரியாக வரும் போலத் தோன்றும். எங்கள் பக்கத்தில் அதுவும் சரிப்படாது. இறந்தவருக்கு ஒரு மாதமளவில் செய்யும் அந்தியேட்டிச் சடங்கு வீட்டில் கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்கல்லவா இங்கே கல்வெட்டு என்று பெயர்!

அப்புறம் 'நடுகல்'. பலர் இதையே எடுத்தாள்கிறார்கள், காரணமும் இருக்கிறது. அகநானூற்றில் 'பெயரும் பீடும் எழுதி அதர்தொறும் பீலி சூட்டிய பிறங்குநிலை நடுகல்' என்று வருகிறது. அதர் என்றால் வழி. பீடு என்றால் பெருமை. வழிகள்தோறும், வீரனுடைய பெயரும் பெருமையும் எழுதி, மயிற்பீலி சூட்டி உயர்ந்து நின்ற கல். வீதியோரத்தில் எழுத்தோடு நிற்கும் கல் தமிழருக்குப் புதிதல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனாலும் நடுகல் விழுந்தவனுக்கு அவனுடைய ஆட்கள் எடுப்பது. கற்சிலைமடுக் கல்லோ வென்றவர் பக்கத்துப் பேச்சு. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பண்டாரவன்னியன் பிடித்ததை அது சொல்லவில்லை. 'தோற்கடித்தார்' என்றுதான் இருந்தது, 'கொன்றார்' என்று இல்லை. அதில் பெயர் இருந்தது, பீடு இல்லை. பீட்டை ஏற்றியவர்கள் எங்கள் சனங்கள். எதிரி நாட்டிய கல்லைத் தங்கள் மன்னனின் நினைவிடமாகவே அவர்கள் மதித்தார்கள். அந்த மதிப்புக்குத் தலை வணங்குகிறேன். சொல் என்று வரும்போது மட்டும், இரண்டையும் பிரித்து வைக்கவே விரும்புகிறேன்.

அதற்காக நான் முன்வைப்பது 'குறிகல்'. நட்ட கல், நடுகின்ற கல், நடும் கல் என மூன்று காலத்துக்கும் பொருந்துவதால் நடுகல் வினைத்தொகை. அதனால்தான் இடையில் ககரம் மிகவில்லை. குறித்த கல், குறிக்கின்ற கல், குறிக்கும் கல் என்று இதுவும் அதே வார்ப்பு. 'குறிக்கல்' என்று எழுத வேண்டாம். 'மார்க்கர்' என்பதற்கு வழங்கும் இன்னொரு சொல்லான 'குறிப்பான்' என்பதை உயிரியல்காரருக்கு விட்டுவிடலாம்.

ஆளுக்கு மட்டுமல்ல, பாறைக்கும் இந்தச் சொல் பொருந்துவது இன்னொரு வசதி. இலங்கையின் அடிப்பாறைப் பிரிவுகளில் ஒன்றுக்குப் புவிச்சரிதவியலாளர் வைத்த பெயரே வன்னித் தொகுதி. 55 கோடி ஆண்டு அளவுக்கு முன் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறைகள் அவை. ஆனையிறவைத் தாண்டி யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் போனால் அடியில் இருப்பது, அதைவிட மிகப் பிந்திய மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். சுண்ணாம்புக்கல் மழைநீரை உள்ளே வாங்கி வைக்கும், அங்கே கிணறு வெட்டினார்கள். கடும்பாறை அவ்வளவாக வாங்காது, இங்கே அணை கட்டி மேலேயே மறித்துக் குளமாக்கினார்கள். இரு பக்கத்து வாழ்க்கையும் பிரிவதன் காரணத்தை ஆனையிறவில் ஒரு குறிகல் நான்கு வரியில் சொல்லிவிடும்.

இரணைமடுவிலும் ஒன்று வேண்டும். இரணை என்றால் இரட்டை, மடு என்றால் ஆழமான நீர்நிலை. குளத்தின் பெயர் எல்லாருக்கும் தெரியும். அதே பெயரால் ஒரு சரளைப் படிவம் அழைக்கப்படுவதும், அதில் கிடைத்த கல்லாயுதங்கள் ஓர் இலட்சம் ஆண்டுக்கும் மேற்பட்டவை எனத் தொல்லியலாளர் சிரான் தெரணியகல கணித்ததும் எத்தனை பேருக்குத் தெரியும்?

தமிழ்நாட்டில் நிலவியல் என்பதை நாங்கள் புவிச்சரிதவியல் என்றே படித்தோம். சரிதம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே பாறைக்கு ஒன்று, மன்னனுக்கு ஒன்று என்று தனித்தனிப் பெயர் தேடாமல், இரண்டையும் 'வரலாற்றுக் குறிகல்' என்றே எழுதலாம்.