விந்தணு இல்லை என்று அறிக்கை வந்த பிறகு

காரைக்குடியில் என்னிடம் வரும் தம்பதிகளின் கோப்பைப் புரட்டினால், முக்கால்வாசியும் மனைவியின் பரிசோதனைகள்தான். ஸ்கேன், தைராய்டு, கருக்குழாய் எக்ஸ்ரே எல்லாம் இருக்கும். கணவரின் விந்துப் பரிசோதனை மட்டும் இருக்காது. பிள்ளையார்பட்டிக்கு நேர்ந்துகொண்டு விரதம் இருப்பவளும் அவள்தான். குழந்தையில்லாத் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது என்பதை இங்கே இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து மகன், மருமகளோடு ஓர் ஆச்சி வந்திருந்தார். மகனுக்கு இரண்டு முறை பரிசோதித்தும் விந்தணுவே இல்லை. மரபணுச் சோதனை எழுதிக் கொடுத்ததும் ஆச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்கள் வளவில் யாருக்கும் இப்படி இல்லையே டாக்டர். என் மாமனாருக்கு எட்டுப் பிள்ளைகள்" என்றார்.

ஆச்சி சொன்னது உண்மை. ஆனாலும் மரபணுக் கோளாறு இருக்கலாம். பழைய பேரேட்டைப் புதுப் பேரேட்டில் பெயர்த்தெழுதும்போது சில வரிகள் விட்டுப்போவது போல, தந்தையிடம் முழுதாக இருந்த ஒய் குரோமோசோமில் (மரபணுக்களைத் தாங்கி, தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் இழை) ஒரு துண்டு மகனுக்கு வரும்போது விடுபட்டுப்போகலாம். பெரும்பாலும் அது புதிதாகவே நேர்கிறது. யாருடைய வம்சத்துக்கும் இதில் இழுக்கு இல்லை.

ஒய் குரோமோசோமில் விந்தணு உற்பத்திக்கு வேண்டிய பகுதியை ஏஇசட்எஃப் என்கிறோம்; ஏ, பி, சி என மூன்று பிரிவுகள். ஏ அல்லது பி முழுவதும் விடுபட்டிருந்தால் விதைப்பையில் அறுவை செய்து தேடினாலும் விந்தணு கிடைக்காது. நகையை அடகு வைத்து அந்த அறுவைக்குப் போன குடும்பங்களை அறிவேன். முன்பே ஒரு ரத்தப் பரிசோதனை செய்திருந்தால் அந்தப் பணமும் வலியும் மிஞ்சியிருக்கும். சி மட்டும் விடுபட்டிருந்தால் நம்பிக்கை உண்டு. ஏறக்குறைய பாதிப் பேரிடம் விந்தணு எடுத்து, கருமுட்டைக்குள் ஊசி வழியே செலுத்தலாம். ஆனால் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் அதே குறை போய்ச் சேரும். சிகிச்சைக்கு முன்பே இதைத் தம்பதியிடம் சொல்லிவிட வேண்டும்.

ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவருக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கிறது; இந்தக் குறைக்குக் கிளைன்ஃபெல்டர் என்று பெயர். பலருக்குக் குழந்தைக்காக வரும்போதுதான் தெரியவருகிறது. இவர்களிலும் சிலருக்கு விந்தணு எடுக்க முடியும். ஆனால் 'ஆண்மை ஊசி' என்று டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனைப் போட்டுக்கொண்டால், இருக்கும் கொஞ்ச உற்பத்தியும் நின்றுவிடும்.

சிலருக்கு உற்பத்தி நன்றாக இருக்கும். விந்தணு வெளியே வரும் விந்துக்குழாய்தான் பிறவியிலேயே இருக்காது. விந்தின் அளவு மிகக் குறைவாக இருப்பது இதன் அடையாளம். பெரும்பாலும் சிஎஃப்டிஆர் மரபணு மாற்றமே காரணம் என்பதால் மனைவிக்கும் அந்தச் சோதனை தேவை. அத்தை மகளையோ மாமன் மகளையோ மணந்தவர்களுக்கு இதைக் கூடுதலாக வற்புறுத்துகிறேன். இருவரிடமும் அந்த மாற்றம் இருந்தால், பிறக்கும் குழந்தைக்கு நுரையீரலைப் பாதிக்கும் நோய் வரக்கூடும்.

எம்டிஎச்எஃப்ஆர் போன்ற சில மரபணு வேறுபாடுகள் ஆபத்தைச் சற்றுக் கூட்டக்கூடும், அவ்வளவே. அதை வைத்து மட்டும் யாரையும் மலடன் என்று சொல்ல முடியாது. அதற்காக ஆயிரக்கணக்கில் செலவழிக்கவும் வேண்டாம்.

கர்ப்பத்துக்கு முயன்று ஓராண்டு ஆகியும் தங்கவில்லையென்றால் கணவரும் முதல் நாளே விந்துப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். ஒரு மில்லிலிட்டரில் விந்தணுக்கள் 50 லட்சத்துக்கும் குறைவாக இருந்தால் குரோமோசோம் சோதனையையும், 10 லட்சத்துக்கும் கீழே போனாலோ அறவே இல்லையென்றாலோ ஒய் குரோமோசோமில் துண்டு விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கும் சோதனையையும் கேளுங்கள். அறுவைக்குத் தேதி குறிப்பதெல்லாம் அந்த முடிவுகள் கைக்கு வந்த பிறகுதான்.