ஹார்ட் டிஸ்க்கில் போர்டு எரிந்துபோனால்

மேசை மேல் வைத்துப் பயன்படுத்தும் பெரிய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குகளுக்கு 12 வோல்ட் அடாப்டர் வரும். லேப்டாப் சார்ஜர்களோ பெரும்பாலும் 19 வோல்ட் தருபவை. இரண்டின் முனையும் பல சமயம் ஒரே மாதிரி இருக்கும். அவசரத்தில் மாற்றிச் செருகிவிட்டால் அடுத்த நொடியே டிஸ்க் அடங்கிவிடும். சுழலும் சத்தம் இருக்காது, விளக்கு எரியாது, சில நேரம் லேசாகக் கருகிய வாடை வரும். பத்து வருடப் புகைப்படங்கள் போய்விட்டதாக நினைத்து வீடே உடைந்துபோகும். ஆனால் ஹார்ட் டிஸ்க்குக்கு வரக்கூடிய கோளாறுகளில் அதிக நம்பிக்கையோடு அணுகக்கூடியது இதுதான்.

டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்கள். அடியில் சில ஸ்க்ரூக்களால் பொருத்திய ஒரு சர்க்யூட் போர்டு தெரியும். நம் படங்களும் கோப்புகளும் அதில் இல்லை. அவை மூடிய பெட்டிக்குள் இருக்கும் தட்டுகளில் காந்தப் பதிவுகளாக இருக்கின்றன. வெளியே மின்சாரம் தறிகெட்டாலும் அந்தப் பதிவு கலையாது. போர்டின் வேலை தட்டைச் சுழற்றுவது, தட்டில் படித்து எழுதும் முனையான ஹெட்டை நகர்த்துவது, ஹெட் படிக்கும் மெல்லிய சிக்னலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தருவது. இதில் அதிகம் பாடுபடுவது மோட்டாரை இயக்கும் சிப். நின்றிருக்கும் தட்டுகளை நிமிடத்துக்கு 7200 சுற்று என்ற வேகத்துக்குக் கொண்டுவர, தொடக்கத்தில் 2 ஆம்பியர் வரைகூட மின்னோட்டம் இழுக்கும். போர்டில் கருகிய புள்ளி தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தச் சிப்பைத்தான்.

19 வோல்ட் செருகிய டிஸ்க்கில் பல சமயம் அந்தச் சிப்கூடப் போயிருக்காது. மின்சாரம் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் டிவிஎஸ் டயோடு என்று சின்னதாகக் கறுப்பாக ஒன்று இருக்கும். 3.5 அங்குல டிஸ்க்குகளில் வழக்கமாக 12 வோல்ட் பாதைக்கு ஒன்று, 5 வோல்ட் பாதைக்கு ஒன்று. மின்னழுத்தம் எல்லை தாண்டினால் அது தன் வழியாக மின்சாரத்தைத் தரைப்பாதைக்குத் திருப்பிவிடும். அளவுக்கு மீறினால் தானே ஷார்ட் ஆகி அப்படியே நின்றுவிடும். அதன் பிறகு சரியான அடாப்டரைப் போட்டாலும் ஷார்ட் இருப்பதால் அடாப்டர் தன்னை நிறுத்திக்கொள்ளும், டிஸ்க் செத்ததுபோல் தெரியும். மல்டிமீட்டரை டயோடின் இரு முனைகளிலும் வைத்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம் காட்டும். அந்த டயோடை எடுத்துவிட்டால் போதும், பல டிஸ்க்குகள் எழுந்துவிடும். இப்போது காவலுக்கு ஒன்றும் இல்லை என்பதால், நல்ல பவர் சப்ளையில் இணைத்து உடனே எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட வேண்டும்.

மின்சார விபத்தே இல்லாமலும் போர்டு சாகும். ஃபுஜிட்சுவின் எம்பிஜி வரிசை டிஸ்க்குகளுக்கு 2000களின் தொடக்கத்தில் நடந்தது அதுதான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்குகளைக் கணினி திடீரென்று அடையாளம் காணாமல் போனது. குற்றம் சிரஸ் லாஜிக் என்ற நிறுவனம் தந்த கன்ட்ரோலர் சிப்பின், அதாவது டிஸ்க்கைக் கட்டுப்படுத்தும் சிப்பின் மேலுறையில் இருந்தது. தீப்பிடிக்காமல் இருப்பதற்காக அந்தக் கறுப்பு உறையில் சிவப்பு பாஸ்பரஸ் கலந்திருந்தார்கள். சூடும் ஈரப்பதமும் சேர்ந்தபோது பாஸ்பரஸ் மெல்ல பாஸ்பாரிக் அமிலமாக மாறியது, சிப்பின் கால்களுக்கு இடையே மின்சாரம் கசியத் தொடங்கியது. உறைப்பொருளைத் தயாரித்தது ஜப்பானின் சுமிடோமோ பேக்லைட். விவகாரம் 2001இல் நீதிமன்றம் போனது. டெஸ்க்டாப் டிஸ்க் தொழிலை விட்டு விலகுவதாக ஃபுஜிட்சு அறிவித்ததும் அதே ஆண்டில்தான். இத்தனைக்கும் உள்ளே தட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பழைய டிஸ்க்குகளில் வைத்தியம் பெரும்பாலும் எளிது. அதே மாடலில் நல்ல டிஸ்க் ஒன்றைத் தேடிப் பிடித்து போர்டைக் கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது. இன்றும் பலர் அதை நம்பி பழைய கடைகளில் போர்டு தேடுகிறார்கள். ஆனால் புதிய டிஸ்க்குகளில் அது பலிப்பதில்லை. மாட்டியதும் டிஸ்க் சுழல்கிறது, டக் டக் என்று தட்டுகிறது, நின்றுவிடுகிறது.

என்ன மாறிவிட்டது? தட்டில் தரவு பதியும் வட்டப் பாதைகளான ட்ராக்குகள் நெருங்கிவிட்டன. ஹெட் இன்று தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரே ஆலையில் அடுத்தடுத்து செய்த இரண்டு ஹெட்கள்கூட இந்த அளவில் ஒன்றுபோல் இருக்காது. படிக்கும் பகுதிக்கும் எழுதும் பகுதிக்கும் உள்ள விலகல், சிக்னலை எவ்வளவு பெருக்க வேண்டும், உயரத்தைச் சரிசெய்யும் குட்டி ஹீட்டருக்கு எவ்வளவு மின்சாரம் என்று எல்லாமே ஹெட்டுக்கு ஹெட் மாறும். அதனால் ஆலையிலேயே ஒவ்வொரு டிஸ்க்கையும் நெடுநேரம் ஓட்டிப் பார்த்து அதற்கே உரிய அளவீடுகளைப் பதிந்துவிடுகிறார்கள். பெரும்பகுதி தட்டிலேயே சர்வீஸ் ஏரியா என்ற ஒதுக்கிடத்தில் போகிறது. ஆனால் அந்த இடத்தைப் படிப்பதற்கே ஹெட் பற்றிய அளவீடு வேண்டுமே! பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்ட முடியாது அல்லவா? ஆகவே முதல் வாசிப்புக்குத் தேவையான கொஞ்சம் தகவலை போர்டில் ரோம் சிப்பில் வைக்கிறார்கள். பெரும்பாலும் எட்டுக் கால் கொண்ட, விரல் நகத்தைவிடச் சின்ன சிப் அது. பக்கத்து டிஸ்க்கின் போர்டில் இருப்பது பக்கத்து டிஸ்க்கின் அளவீடு. அதை வைத்துத் தேடினால் ஹெட் வழி தெரியாமல் தட்டுகிறது. சும்மா சோதித்துப் பார்ப்போம் என்று அப்படியே ஓடவிடுவது ஆபத்து.

எனவே எரிந்த போர்டைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். பொருந்தும் போர்டு வாங்கும்போது டிஸ்க்கின் மாடலைவிட போர்டில் அச்சிட்ட எண்ணைப் பார்க்க வேண்டும். வெஸ்டர்ன் டிஜிட்டலில் அது 2060 என்று தொடங்கும், சீகேட்டில் 100 என்று தொடங்கும் ஒன்பது இலக்கம். அப்புறம் பழைய போர்டின் ரோம் சிப்பை ஹாட் ஏர் வைத்துக் கழற்றிப் புதியதில் பற்றவைக்க வேண்டும், அல்லது புரோகிராமரில் படித்து உள்ளடக்கத்தை மாற்ற வேண்டும். சில போர்டுகளில் தனி ரோம் சிப் இருக்காது, அந்தத் தகவல் கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும். அங்கே வேலை கடினம். தகவல் எந்தச் சிப்பில் இருந்தாலும், சூட்டில் அது போனால் கூடவே அளவீடும் போகும். கை பழகாதவர்கள் செல்போன் போர்டு பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொடுப்பதே நல்லது.

எல்லாக் கோளாறையும் போர்டின் தலையில் போடவும் முடியாது. முதலிலிருந்தே டக் டக் என்று தட்டுகிற டிஸ்க்கில் பெரும்பாலும் ஹெட்டில்தான் சிக்கல். நன்றாகச் சுழன்றும் கணினிக்குத் தெரியாவிட்டால் சர்வீஸ் ஏரியா கெட்டிருக்கலாம். மின்சாரம் எகிறி உள்ளே ஹெட்டோடு சேர்ந்திருக்கும், சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் சிப்பும் எரிந்திருந்தால் போர்டை மாற்றிப் பயனில்லை, புதிய போர்டும் கெடக்கூடும். அந்த டிஸ்க்கைத் தூசியில்லாத அறையில்தான் திறக்க வேண்டும்.

கையடக்க டிஸ்க்குகளில் இன்னொரு சிக்கல். பலவற்றில் யுஎஸ்பி சாக்கெட் நேராகப் போர்டிலேயே இருக்கும், அங்குள்ள சிப் தரவை மறையாக்கி, அதாவது சாவியில்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி எழுதும். நாம் பாஸ்வேர்டு வைக்காவிட்டாலும் சில மாடல்களில் அப்படித்தான். யுஎஸ்பிக்குப் பதில் கணினிக்குள் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா இணைப்பு கொண்ட போர்டை மாட்டி, ரோமையும் மாற்றி, ஒரு செக்டார் விடாமல் நகலெடுத்துவிடலாம். கிடைப்பது மறையாக்கிய தரவுதான். அதை விடுவிக்க அதே வகை யுஎஸ்பி சிப் வேண்டும், அல்லது அந்த மறையாக்கத்தைப் புரிந்துகொள்ளும் மீட்புக் கருவி வேண்டும்.