வேலைக்குத் திரும்பிய தாய்க்குப் பால் ஏன் குறைகிறது?

பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் பெண்கள் பலர், சில வாரங்களுக்குள்ளாகவே பால் வற்றிக்கொண்டு வருவதாகக் கவலைப்படத் தொடங்குகிறார்கள். வீட்டிலுள்ள பெரியவர்கள் பூண்டும் சுறாப்புட்டும் சமைத்துக் கொடுக்கிறார்கள்; அலைச்சலால் உடம்பு சூடாகிவிட்டது என்கிறார்கள். பாலூட்டும் பெண்ணுக்கு நல்ல சாப்பாடு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்தக் குறைவுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது உணவு அன்று. ஒரு முறை பால் வெளியேறியதற்கும் மறுமுறை வெளியேறுவதற்கும் இடையே கழியும் நேரமே.

பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறியதும் தாயின் இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவு வேகமாகச் சரிகிறது. அதுவரை சுரப்பைத் தடுத்து வைத்திருந்தது அதுதான். அந்தத் தடை விலகியவுடன், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் புரோலாக்டின் என்ற பால் சுரக்கவைக்கும் ஹார்மோன் தன் வேலையைச் செய்ய, இரண்டு முதல் நான்கு நாட்களில் பால் பெருகுகிறது. தொடக்க நாட்களில் ஹார்மோன்களே ஏறக்குறைய எல்லாவற்றையும் நடத்துகின்றன. வாரங்கள் செல்லச் செல்ல, எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை மார்பே தீர்மானிக்கத் தொடங்குகிறது. அதுவும் ஒவ்வொரு மார்பும் தனித்தனியாக. ஒரே தாயின் உடலில் ஒரே இரத்தம் ஓடும்போதே, குழந்தை அதிகம் குடிக்கும் பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் சுரப்பதற்கு இதுவே காரணம்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஆய்வாளர் பீட்டர் ஹார்ட்மன் குழுவினர் 1990களில் இதை அழகாக அளந்து காட்டினார்கள். மார்பின் மேல் ஒளிக்கோடுகளை விழச்செய்து, படமெடுத்து, கணினியின் துணையுடன் அதன் கனஅளவு மணிக்கு மணி எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். நன்றாகக் காலியான மார்பில் சுரப்பு வேகமெடுப்பதும், நிரம்ப நிரம்ப அது மெதுவாவதும் தெரியவந்தது. தேங்கிய பாலிலுள்ள ஒரு புரதக்கூறு செல்களைத் தடுக்கிறது என்றும், பால் சுரந்து தங்கும் நுண்ணறைகள் நிரம்பி அவற்றின் சுவர் விரிவதே சுரப்பைக் குறைக்கிறது என்றும் இதற்கு விளக்கங்கள் உண்டு. எப்படியாயினும், இறைத்த கிணறே ஊறும் என்று நம் ஊரில் சொல்வது இங்கே நேராகப் பொருந்துகிறது. காலை எட்டு மணிக்குக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டு இரவு ஏழு மணிக்குத் திரும்பும் பெண்ணின் மார்பு, அந்தப் பதினொரு மணி நேரத்தில் பெரும்பகுதியை நிரம்பிய நிலையிலேயே கழிக்கிறது. பால் கட்டிக்கொண்டு வலிப்பது, சில நேரம் காய்ச்சலுடன் மார்பு அழற்சியாவது ஆகியவை உடனடித் தொல்லைகள். நாள்தோறும் இது தொடர்ந்தால், இவ்வளவு பால் தேவையில்லை என்று எடுத்துக்கொண்டு உடல் சுரப்பையே குறைத்துவிடுகிறது.

வேலை நேரத்தில் பம்பாலோ கையாலோ பால் எடுப்பதன் முதல் நோக்கம் இதைத் தடுப்பதுதான். புட்டியில் சேரும் பால் மறுநாள் குழந்தைக்கு உதவுகிறது. ஆனால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மார்பு காலியாவது அடுத்த மாதத்துப் பாலையே காக்கிறது.

பம்பு பாலை உறிஞ்சி இழுத்துவிடுகிறது என்று நினைப்பது பாதிதான் சரி. பால் தங்கியிருப்பது நுண்ணறைகளில். அவற்றைச் சுற்றி மெல்லிய தசைச்செல்கள் வலைபோலப் படர்ந்திருக்கின்றன. ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் வந்து அவற்றைச் சுருக்கினால்தான் பால் நாளங்களுக்குள் இறங்கும். இறங்காத பாலை எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் எடுக்க முடியாது. நல்ல மின்பம்புகள் முதலில் வேகமாகவும் மென்மையாகவும் இழுத்து, குழந்தை வாய் வைத்தவுடன் செய்வதைப் போல முலைக்காம்பைத் தூண்டுவதும், பால் இறங்கிய பிறகு மெதுவான, ஆழமான இழுப்புக்கு மாறுவதும் இதனால்தான். மார்பில் பொருத்தும் புனல் அளவில் சிறியதாக இருந்தால் காம்பு உராய்ந்து புண்ணாகும். பெரியதாக இருந்தால் சுற்றியுள்ள கருவட்டமும் உள்ளே இழுபட்டு வீங்கும். பம்பு இல்லாதவர்கள் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் கருவட்டத்தின் ஓரத்தில் வைத்து, முதலில் நெஞ்சுக்கூட்டை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்துப் பீச்சியே போதிய பால் எடுக்கலாம். இதை மகப்பேறு வார்டிலேயே ஒவ்வொரு தாய்க்கும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆக்சிடோசின் மனநிலையோடு பிணைந்தது. குழந்தையின் அழுகுரலோ படமோ போதும், பால் இறங்கிவிடும். பதற்றமும் வலியும் அதைத் தடுத்துவிடும். 1948இல் ஆய்வாளர்களான நியூட்டன் தம்பதியர் நடத்திய சோதனையில், பாலூட்டும் தாயின் பாதங்களைப் பனிக்கட்டி நீரில் வைத்தும் கணக்குகள் கேட்டும் தொல்லை கொடுத்தபோது குழந்தைக்குக் கிடைத்த பால் குறைந்தது. ஆக்சிடோசின் ஊசி போட்டதும் ஏறக்குறைய பழைய அளவுக்குத் திரும்பியது. பால் வற்றவில்லை, இறங்கவில்லை, அவ்வளவுதான். யார் எப்போது கதவைத் தட்டுவார்களோ என்ற அச்சத்துடன் கழிப்பறையில் நின்றபடி பால் எடுக்கும் பெண்ணுக்கு நேர்வதும் இதுவே.

எடுத்த பாலைக் காப்பதில் நம் வெயிலைக் கணக்கில் கொள்ள வேண்டும். 25 டிகிரி செல்சியசுக்கு மிகாத அறையில் 4 மணி நேரம் வைக்கலாம் என்பது பொதுவான வழிகாட்டல். சென்னையின் மே மாதத்துக்கு அந்தக் கணக்கு உதவாது. எடுத்தவுடன் குளிர்பெட்டியிலோ பனிக்கட்டிப் பொதிகள் வைத்த பையிலோ வைப்பதே பாதுகாப்பு. குளிர்பெட்டியில் 4 நாட்கள் வரை கெடாது. மேலே ஆடையாகப் பிரிவது கொழுப்பு; மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். சூடாக்க வெந்நீரில் புட்டியை வைத்தால் போதும், மைக்ரோவேவ் கூடாது. பாட்டி ஊட்டுவதாக இருந்தால் நம் வீடுகளில் வழக்கமான பாலாடை என்னும் சிறு மூக்குக் கிண்ணமே நல்லது. ரப்பர் காம்பைவிட அதைக் கழுவுவது எளிது.

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை நாளொன்றுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளுக்கு வகை செய்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கு விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தி, ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. 26 வாரம் என்பது ஆறு மாதத்துக்குச் சரியாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அதில் எட்டு வாரங்களைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்க நேர்ந்த பெண், குழந்தைக்குப் பதினெட்டு வாரம் ஆகும்போது வேலைக்குத் திரும்பிவிடுகிறாள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்ற பரிந்துரையின்படி, இன்னும் எட்டு வாரங்களுக்கான பாலை அவள் வேலை நேரத்தில்தான் எடுத்தாக வேண்டும். தமிழகப் பேருந்து நிலையங்களில் 2015 முதல் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. உள்ளே தாழிடக்கூடிய ஓர் அறை, நாற்காலி, மின்இணைப்பு, கைகழுவத் தண்ணீர், சிறு குளிர்பெட்டி ஆகியவற்றை ஒவ்வொரு பணியிடமும் இதேபோலத் தர முடியும், தர வேண்டும்.