இடித்தால்தான் உள்ளி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் கச்சான் (நிலக்கடலை) செய்யும் பெரியப்பா ஒருவர் போன கிழமை தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். “உள்ளிய நல்லா அவிச்சி, வடிச்சி, மூணு தரம் அடிச்சன் மனே. கச்சான் ஒண்டொண்டாச் சாகுது. இந்த இயற்கை மருந்தெல்லாம் சும்மா கதையா?”

பிழை உள்ளியில், அதாவது வெள்ளைப்பூண்டில், இல்லை. ‘நல்லா அவிச்சி’ என்றாரே, அதில் இருக்கிறது.

நோயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் வாட்சப்பில் அனுப்பிய படத்தில், தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வெள்ளைப் பஞ்சு. அதன் மேல் கடுகு சிந்தினாற்போல் மண்ணிற மணிகள். கழுத்தழுகல்தான். ஸ்கிளிரோசியம் ரோல்ப்சியை என்ற பங்கசின் (பூஞ்சையின்) வேலை. கச்சான், கௌபி, பயறு மட்டுமல்ல, தக்காளி, மிளகாய் என்று 500க்கு மேற்பட்ட தாவரங்களில் தொற்றும். ஒட்சாலிக் அமிலத்தைச் சுரந்து கலச்சுவரின் கல்சியத்தைப் பறிக்கும். இளகிய சுவரை நொதியங்களால் கரைத்துக் குடிக்கும். நேற்றுப் பச்சையாய் நின்ற செடி இன்று தொங்கிப்போவதால், கண்ணூறு என்று வேலியில் பழைய செருப்புக் கட்டுகிறவர்களும் உண்டு. செருப்பைத் தேடுகிற நேரத்தில் ஒரு செடியைப் பிடுங்கி அடியைப் பார்க்கலாம்.

இனி உள்ளி. உரிக்காத முழு உள்ளியை மூக்கருகே பிடித்துப் பாருங்கள். மணம் இல்லையென்றே சொல்லலாம். நகத்தால் கீறினால்தான் சுள்ளென்று ஏறும். அந்த மணத்துக்குரிய பொருள் கீறும்வரை அங்கே இல்லை! உள்ளிப் பல்லுக்குள் அலியின் என்ற மணமற்ற கந்தகச் சேர்மம் சில கலங்களில் இருக்கிறது. அதை உடைக்கும் அலியினேசு நொதியமோ, சாறு கடத்தும் குழாய்களைச் சுற்றியுள்ள வேறு கலங்களின் புன்வெற்றிடம் என்ற சாற்றுப்பைக்குள் அடைபட்டிருக்கிறது. ஒன்று வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மற்றது மேற்கே படுவான்கரை, நடுவில் வாவி. பூச்சி கடித்தாலோ அம்மியில் வைத்து நசித்தாலோ சுவர்கள் உடைந்து இரண்டும் சந்திக்கும். மண்முனையில் 2014இல் பாலம் திறந்தபோதுகூடச் சனம் இந்த வேகத்தில் கடக்கவில்லை: ஒரு நிமிடத்துக்குள் பெரும்பகுதி அலிசினாக மாறிவிடும். 1944இல் அமெரிக்காவில் கவலிட்டோவும் பெய்லியும் பிரித்தெடுத்துக் காட்டிய பொருள் இதுதான்.

அலிசின் சின்ன மூலக்கூறு. பங்கசின் மென்சவ்வை இலகுவில் ஊடுருவும். உள்ளே போய், புரதங்களில் துருத்தி நிற்கும் கந்தக முனைகளைப் பற்றிக்கொள்ளும். பல நொதியங்களுக்கு அந்த முனைதான் கை. கை கட்டப்பட்டால் வேலை நிற்கும். பங்கசு தன் காவற்பொருளான குளுற்றதயோனை அனுப்பி அலிசினை மடக்கப் பார்க்கும். அந்தக் கையிருப்புத் தீர்ந்தால் அதன் கதை முடிந்தது. ஒரேயொரு பூட்டை அல்ல, நூறு பூட்டை ஒன்றாக அடைப்பதால் பங்கசு இதற்குப் பழகிக்கொள்வதும் கடினம்.

பெரியப்பா என்ன செய்தார்? முழு உள்ளியைக் கொதிநீரில் போட்டார். வாவிக்குப் பாலம் போடுமுன்னே ஒரு கரையை எரித்துவிட்டார். சூட்டில் அலியினேசு கெட்டுவிடும். பிறகு எவ்வளவு நசித்தாலும் அலிசின் பிறக்காது. அவர் அடித்தது இரசத்தண்ணி.

2021இல் இலங்கை அரசு இரசாயன உரத்தையும் மருந்தையும் திடீரென நிறுத்தியபோதும் இதுதான் நடந்தது. பீப்பா பீப்பாவாகச் சாறு காய்ச்சினார்கள். எந்த இலையை எப்படிப் பிழிவது என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. தடையை விதிக்கத் தெரிந்தவர்களுக்கு வயலில் சோதித்துப் பார்க்கக் காசு ஒதுக்கத் தெரியவில்லை என்பது என் கோபம். ஆய்வுகூடத்துப் பெத்திரிக் கிண்ணத்தில் ஏகார் என்ற கூழோடு சாற்றைக் கலந்து பங்கசை வைத்தால், மூன்று நான்கு நாளில் கிண்ணத்தை நிரப்ப வேண்டியது காசளவில் நின்றுபோவதைக் காணலாம். மாணவர்கள் அதைப் படமெடுத்து ஆய்வேட்டில் ஒட்டுகிறார்கள். கிண்ணத்தில் மழை பெய்யாது, மண் இல்லை. வயலில் அலிசின் நிலைப்பது கொஞ்ச நேரம்தான்.

ஆகவே பெரியப்பாவுக்குச் சொன்னது: பச்சையாக இடியுங்கள், பத்து நிமிடம் விடுங்கள், தண்ணீர் கலந்து வடித்து அன்றைக்கே, வெயில் தாழ்ந்தபின், இலைக்கல்ல, கழுத்தடிக்கு ஊற்றுங்கள். முதலில் நாலு செடிக்கு மட்டும். கடுமையான சாறு இளம்பயிரையும் கருக்கும். அடியில் குவிந்த காய்ந்த சருகை அகற்றுங்கள், பங்கசுக்கு அதுதான் முதல் சாப்பாடு.

செத்த செடியை உள்ளி காப்பாற்றாது. பங்கசு உறங்கும் அந்தக் கடுகு மணிகளின் தடித்த தோலுக்குள் சாறு இலகுவில் இறங்காது. அவை மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். செடியை அடிமண்ணோடு தோண்டி, சாக்கில் கட்டி, வயலுக்கு வெளியே கொண்டுபோய் எரிக்கச் சொன்னேன். “வரம்பில போட்டுட்டனே மனே” என்றார்.