வீடு கட்டும் முன் எழுத வேண்டிய ஒரு தாள்

வீடு கட்ட வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது சதுர அடிக்கு என்ன விலை ஆகும் என்பதைத்தான். அடுத்ததாக, தை மாதத்தில் கிரகப்பிரவேசம் வைத்துவிடலாமா என்று கேட்பார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் எந்த வேலை முடிந்தால் எந்த வேலையைத் தொடங்க முடியும் என்பது ஒரு தாளில் எழுதப்படும் வரை இரண்டுக்குமே நேர்மையான விடை சொல்ல இயலாது. கட்டுமானப் பொறியாளராக நான் மேற்பார்வையிட்ட பணிகளில், பணம் தீர்ந்ததால் நின்ற வீடுகளைவிட வரிசை தவறியதால் நின்ற வீடுகளே அதிகம். திட்ட மேலாண்மை என்ற பெரிய பெயரில் கற்பிக்கப்படும் துறையின் அடித்தளம் இந்த வரிசைதான்.

செங்கல் சூளை நடத்துவது அன்றாடத் தொழில்; ஒரு வீட்டைக் கட்டி முடிப்பது திட்டம். சூளையில் இன்றைய பிழையை நாளைய கல்லில் திருத்திக்கொள்ளலாம். வீடோ ஒருமுறை மட்டுமே கட்டப்படுவது; தொடக்கமும் முடிவும் உடையது. ஆகவே யோசிக்க வேண்டியதைக் கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே யோசித்துவிட வேண்டும்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது பணியின் எல்லை. சதுர அடி விலையில் தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், சுற்றுச்சுவர், கேட், மின் இணைப்பு ஆகியவை அடங்குமா, அடங்காதா என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டால், கடைசி மாதத்தில் அது நிச்சயம் சண்டையாக முடியும். மாற்றங்களும் அப்படித்தான். சமையலறைத் தொட்டியை இடம் மாற்ற வரைபடத்தில் ஒரு கோட்டை அழித்தால் போதும். பூச்சு முடிந்த பிறகு அதே மாற்றத்துக்குச் சுவரை வெட்டி, குழாயை மாற்றி, மறுபடி பூசி, நனைத்து, காய விட வேண்டும். மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. எத்தனை நாள், எவ்வளவு பணம் என்று எழுதிக் கையெழுத்திட்ட பிறகே சுவரில் உளி படட்டும் என்கிறேன்.

இனி வரிசைக்கு வருவோம். சில வேலைகளை ஆள் சேர்த்து விரைவுபடுத்தலாம். சிலவற்றை எவராலும் விரைவுபடுத்த முடியாது. இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி, சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டில் போட்ட கான்கிரீட் தளத்தின் இடைத்தூரம், அதாவது அதைத் தாங்கும் சுவர்களுக்கோ பீம்களுக்கோ இடைப்பட்ட தூரம், 4.5 மீட்டருக்குள் இருந்தால் அடியிலுள்ள முட்டுகளைக் குறைந்தது 7 நாட்களும், அதற்கு மேல் இருந்தால் 14 நாட்களும் எடுக்கக் கூடாது; 6 மீட்டர் வரையிலான பீம்களுக்கும் 14 நாட்கள். பணம் கூடுதலாகக் கொடுத்தாலும் கான்கிரீட் அவசரப்படாது. இப்போது ஜன்னல் கிரிலைப் பாருங்கள். முட்டு பிரிக்க 14 நாள், பிறகு சுவரை வெட்டி மின் குழாய் பதிக்க 7 நாள் என்றால், 21 நாள் கழிந்ததும் பூச்சு தொடங்கலாம். அதற்குள் கிரில்கள் சுவரில் உட்கார்ந்திருக்க வேண்டும். கிரில் செய்து பொருத்தப் பட்டறைக்கு 3 வாரம் தேவையென்றால், தளம் போட்ட அன்றே அளவு கொடுத்தவருக்கு ஒரு நாளும் வீணாகாது. முட்டு பிரித்த பிறகு கொடுத்தவருக்கு 14 நாள் போகும். உண்மையில் அதற்கும் மேலே போகும். ஏனெனில் பூச்சுக் கொத்தனார் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார், வேறு வீட்டில் வேலை பிடித்துக்கொண்டு அது முடிந்த பிறகே திரும்புவார்.

ஒரு நாள் தள்ளினாலும் முழு வீட்டையும் ஒரு நாள் தள்ளிவிடும் வேலைகளின் தொடரைத் துறையில் கிரிட்டிக்கல் பாத் என்கிறோம். 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டூபான்ட், ரெமிங்டன் ராண்ட் நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் வகுத்த கணக்கு அது. நம் கடற்கரையிலேயே இதற்கொரு சான்று உண்டு. 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலம் சிதைந்தபோது ரயில்வே நிர்ணயித்த கெடு 6 மாதம்; பொறுப்பேற்ற ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாட்களில் முடித்தார். கடலில் விழுந்து கிடந்த கர்டர்களை, அதாவது பாலத்தின் இரும்பு உத்திரங்களை, மீட்டு மீண்டும் பொருத்தியது அந்த வேகத்துக்குப் பெருந்துணையாக இருந்தது. கர்டர் வந்து சேராமல் அடுத்த வேலை எதுவும் நகராது என்ற இடத்தில் முழுக் கவனத்தையும் வைப்பதுதான் இந்த முறையின் உயிர்.

இதை நான் இழப்பில்தான் கற்றுக்கொண்டேன். தொடக்க காலத்தில் ஒரு வீட்டின் தளம் போடும் நாள். காலை 6 மணிக்கெல்லாம் கலவை இயந்திரம் வந்துவிட்டது, இருபதுக்கும் மேற்பட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள், வேலையாட்களுக்கு விருந்து போடுவதற்காக வீட்டுக்காரர்கள் அடுப்பு மூட்டிவிட்டார்கள். மேலே ஏறிப் பார்த்தேன். கம்பி முழுவதும் கட்டப்பட்டிருந்தது. கான்கிரீட்டுக்குள் புதைய வேண்டிய மின் குழாய் கூடத்தில் மட்டும் ஓடியிருந்தது, இரண்டு படுக்கையறைகளிலும் ஃபேன் பெட்டிகளே இல்லை. எலக்ட்ரீஷியனிடம் நான் "இந்த வாரம் தளம்" என்று சொல்லியிருந்தேனே தவிர, நாளையும் நேரத்தையும் சொல்லவில்லை. வேலையைத் தள்ளிவைத்தோம், இயந்திர வாடகையும் பாதிக் கூலியும் போயின. சமைத்த சாப்பாட்டை வேலையாட்கள் பேச்சின்றி உண்டுவிட்டுப் போனது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. அதன் பிறகு, கம்பி கட்டுபவர், எலக்ட்ரீஷியன், பிளம்பர் மூவரும் முதல் நாள் மாலையே தளத்தின்மேல் நின்று கையெழுத்திடாமல் எந்தக் கான்கிரீட்டையும் நான் தொடங்குவதில்லை.

திட்டமிட்டதைத் தொடர்ந்து பார்ப்பதும் திட்டமிடுவதற்கு இணையான வேலை. சனிக்கிழமை கூலி கொடுக்கும் நேரம் அதற்கு ஏற்றது. எவ்வளவு முடிந்தது என்று கேட்டால் எல்லோரும் "முக்கால்வாசி முடிந்துவிட்டது" என்பார்கள். இனி கைவைக்கத் தேவையில்லாதபடி முழுமையாக முடிந்தது எது, அடுத்த வாரம் தொடங்குவதற்கு எந்தப் பொருள் இன்னும் வரவில்லை என்று கேளுங்கள். உண்மை நிலை அப்போதுதான் தெரியும்.

எதிர்பாராதவை என்று நாம் சொல்பவற்றில் பல, நாட்காட்டியிலேயே இருக்கின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; ஆகவே கடைக்காலையும் வெளிப்பூச்சையும் அந்த மாதங்களில் வைக்காதீர்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போகும் ஆட்கள் மறுநாளே திரும்புவதில்லை. வீட்டுக் கடனைக் கட்டம் கட்டமாகத்தான் வங்கி விடுவிக்கும். மதிப்பீட்டாளர் வந்து பார்த்துச் செல்லும் நாட்களையும் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்த மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்துவைக்கச் சொல்வது என் வழக்கம். டைல்ஸ் கடையில் அதைத் தொடக் கூடாது என்றும் சேர்த்தே சொல்வேன்.

கடைசிக் கட்டமான ஒப்படைப்பைப் பலரும் சாவி வாங்குவதோடு முடித்துக்கொள்கிறார்கள். பூச்சுக்கு முன்பு, ஒவ்வொரு சுவரிலும் அளவு நாடாவை விரித்து வைத்து, தண்ணீர்க் குழாயும் மின் குழாயும் ஓடும் இடத்தைப் புகைப்படமெடுத்துத் தரச் சொல்லி வாங்குங்கள். ஐந்தாண்டு கழித்து ஒரு படம் மாட்ட ஆணி அடிக்கும்போதோ, கசிவைத் தேடிச் சுவரை உடைக்கும்போதோ, எந்த இடத்தில் கைவைக்கலாம் என்பதை அந்தப் புகைப்படங்கள் காட்டும்.