அரிசி கொடுத்தீர்கள், சரி. பையனுக்குப் பிறப்புப் பத்திரம் இருக்கிறதா?

தீபாவளி நெருங்கினால் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட லயங்களுக்கு (தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) வேன் மேல் வேன் வரும். இந்த வருடம் ஒரு பாட்டி வீட்டில் மூன்று இயக்கங்கள் கொடுத்த அரிசி, எண்ணெய், மைலோ எல்லாம் அடுக்கிக் கிடந்தன. மூன்று தடவையும் பாட்டியைப் பேனருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்திருக்கிறார்கள். கூடவே நின்ற பேரனுக்குப் பிறப்புப் பத்திரமே இல்லை என்பது ஒருவருக்கும் தெரியாது. கேட்டால்தானே!

அரிசி கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை, பசிக்கு முதலில் சோறுதான். ஆனால் சமூகப் பணி என்றாலே அரிசி மூட்டையும் மாலையும் என்று நினைக்கிறீர்களே, அங்கேதான் எரிச்சல் வருகிறது. அரிசி தீர்ந்த பிறகு அந்த வீட்டில் என்ன மாறியது என்று பார்ப்பதுதான் சமூகப் பணியாளர்களான எங்கள் வேலை.

அந்தப் பையனின் அப்பா உள்ளூர்க்காரர், அம்மா வெளிநாட்டவர் (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்). கோயிலில் தாலி கட்டியதோடு சரி. 1982 மார்ச் முதல் நம் திருமணங்களைப் பதிந்தே ஆக வேண்டும். பதியாவிட்டால் பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதான், அப்பாவிடம் நீல ஐசி (குடிமக்களுக்கான அடையாள அட்டை) இருந்தும் உதவாது. 12 வயதில் ஐசி எடுக்கப் போகும்போதுதான் பல வீடுகள் விழித்துக்கொள்கின்றன. அப்புறம் பிரசவம் பார்த்த மருத்துவமனையில் பதிவைத் தேடி, லாரி ஓட்டப் போன அப்பாவைப் பிடித்து இழுத்து வந்து, அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் பிள்ளைக்குக் குடியுரிமை கேட்டு விண்ணப்பம் போட்டு, பாட்டிக்குச் சமூகநல இலாகாவில் உதவித்தொகை கேட்டு, நடுவில் பள்ளிக்கூடத்தில் கெஞ்சி... கவுண்டரில் நம்பர் எடுத்து உட்கார்ந்திருப்பதை யார் ஃபேஸ்புக்கில் போடுவார்கள்?

இதற்கு நல்ல மனசு மட்டும் போதாது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1975-லேயே சமூகப் பணியைப் பட்டப்படிப்பாகத் தொடங்கிவிட்டது. இன்னும் கல்யாண வீட்டில் "ஓ, சேவையா? சம்பளம் உண்டா?" என்றுதான் கேட்கிறார்கள்.

குழந்தை பிறந்தால் 60 நாளுக்குள் பதியுங்கள். கல்யாணத்தையும் பதியுங்கள், ஐயர் வந்தது மட்டும் போதாது. உதவிப் பொருள் கொண்டுபோகிறவர்கள் கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்து பேசுங்கள்: பிள்ளைக்குப் பத்திரம் இருக்கிறதா, படுக்கையில் இருப்பவருக்கு ஓகேயு அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) எடுத்தாகிவிட்டதா? பிள்ளைகளின் முகத்தைப் படம் எடுத்துப் போடாதீர்கள், தயவுசெய்து. அப்புறம், பக்கத்து வீட்டில் பிள்ளையோ பெண்ணோ அடி வாங்குவது தெரிந்தால் "நமக்கேன் வம்பு" என்று கதவைச் சாத்தாமல் அரசாங்க உதவி எண் 15999-க்கு அழையுங்கள், ராத்திரியானாலும் எடுப்பார்கள்.